மற்றும் பலர்

தமிழ்த்துறையின் சார்பில் வெளிவரும் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவைச் சார்ந்த மாணவர் இருவர் என் இல்லம் தேடி வந்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியனையும் நினைவில் வைத்திருக்கின்றனரே என்னும் மகிழ்வில் உடனே இசைந்தேன். பொருள் தங்கள் விருப்பம் என்றனர். அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் தாளை எடுத்து அமர்ந்தேன். 'மலர்' என்ற சொல்லே என்னை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இழுத்துச் சென்றுவிட்டது. 1994ஆம் ஆண்டில், நான் பதிப்பாசிரியனாக இருந்து மற்றொரு மலரை உருவாக்கினேன். அதில் நான் இழைத்த பிழை ஒன்றுண்டு. அஃது எழுத்துப் பிழை அன்று. எழுத்துப் பிழைகளை அச்சகத்திலேயே மும்முறை பார்த்துத் திருத்தியிருந்தேன்.

அது எங்கள் ஊர்க் கால்பந்தாட்டக் கழகத்தின் பொன்விழா மலர். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் ஈண்டுக் குறிப்பிடேன். குற்றம் பெரும்பாலும் என்னுடையது; அதற்காகக் கழகம் தலைகுனிய வேண்டுவதில்லை.

எங்கள் ஊர் கடலை ஒட்டியது. மண் முழுதும் மணல். கழகத்தின் ஆடுகளம் ஊருக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே போடும் கோடு ஒரு வாரம் கூட நில்லாது. சனிக்கிழமை மாலை போட்ட கோட்டை ஞாயிறு மாலை ஆட்டத்தின் இடைவேளைக்குள் இருபத்திரண்டு பேரின் கால்கள் பாதி தேய்த்துவிடும். மீதியைக் கடற்காற்று கொண்டுபோகும். அடுத்த சனிக்கிழமை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வேலையை 1968ஆம் ஆண்டு முதல் ஒருவரே செய்து வந்தார். அண்ணனைக் 'காக்கா' என்றழைப்பது எங்கள் கடற்கரை வழக்கு. ஆதலின் அவர் சிறியோர் பெரியோர் அனைவர்க்கும் 'கோட்டுக் காக்கா' ஆனார். அவர் தொழிலால் தையற்காரர். அதனால் வெளியூரிலிருந்து ஆட வருவோர், இவர் கோட்டுத் தைப்பதில் வல்லவர் போலும் என்று எண்ணிக்கொள்வர். எங்கள் ஊர் வெயிலில் கோட்டு அணிவார் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் கோடு போடும் முறையைச் சிறுவனாக இருந்தபோது நான் வேடிக்கை பார்த்ததுண்டு. மூன்று பொருள்களே அவருடைய கருவிகள்: முடிச்சிட்ட தேங்காய் நார்க் கயிறு ஒன்று, மூங்கில் முளைகள் சில, அடியில் ஆணியால் துளையிட்ட பால்மாவுத் தகரம் ஒன்று. கயிற்றில் எட்டுக் கஜத்துக்கு ஒரு முடிச்சு. அஃது இலக்குக் கம்பங்களின் இடைவெளி. பத்துக் கஜத்து முடிச்சு நடுவட்டத்துக்கு. பன்னிரண்டு, பெனால்டிப் புள்ளிக்கு. பதினெட்டு, பெனால்டிப் பரப்புக்கு. மூலைகள் கோணாமல் இருக்க ஒருபுறம் ஆறு கஜமும் மறுபுறம் எட்டுக் கஜமும் அளந்து முளை அடித்து, இரண்டுக்கும் குறுக்கே கயிற்றை இழுப்பார். சரியாகப் பத்துக் கஜம் வந்தால் மூலை சதுரம். வாராவிடில் முளையைப் பிடுங்கி மீண்டும் அடிப்பார். பித்தாகரசின் தேற்றத்தை நான் பள்ளியில் படிக்குமுன்னரே அவர் கயிற்றில் பார்த்துவிட்டேன். இதை யாரிடம் கற்றீர் என்று பின்னாளில் வினவினேன். "கொத்தனார் வீட்டுக்கு மூலை பார்ப்பாரே, அதுதானே" என்றார்.

பெனால்டிப் பரப்பின் முகப்பில் ஒரு சிறு வளைவு உண்டு. பெனால்டி உதைக்கும்போது ஏனையோர் புள்ளியிலிருந்து பத்துக் கஜம் தள்ளி நிற்கவேண்டும் என்பதற்காக 1937ஆம் ஆண்டில் கால்பந்து விதிகளில் சேர்க்கப்பட்டது அது. சிற்றூர்க் களங்களில் பெரும்பாலும் அதனை விட்டுவிடுவர்; ஆட்டம் அதனால் நின்றுவிடுவதில்லை. காக்கா ஒருநாளும் விட்டதில்லை. அதற்கு அவர் இட்ட பெயர் 'பிறை'. இருட்டிக்கொண்டு வரும் சனிக்கிழமை மாலைகளில், மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்குமுன், "ரெண்டு பிறையும் போட்டுட்டா முடிஞ்சுது" என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டு தகரத்தைத் தட்டித் தட்டி நடப்பார். நிமிர்ந்து பார்த்தால், சாம்பல் நிற மணலில் களம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். புத்தாடை உடுத்த பிள்ளையைப் போல் இருக்கும். அந்நேரத்தில் அதனைக் காண்பதற்கு அவரையும் எம்மைப் போன்ற சிறுவர் இரண்டொருவரையும் தவிர வேறு எவரும் இரார்.

அவர் பயன்படுத்தியது சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பை நீரூற்றி நீறாக்கிச் சலித்து எடுப்பார். அது தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் கேடு. இந்நாளில் அறிந்தோர் அதனைத் தவிர்த்து, தீங்கற்ற வெண்பொடியை நாடுகின்றனர். அக்காலத்தில் அதனை எங்களுக்குச் சொல்வார் இல்லை. ஞாயிறும் திங்களும் காக்காவின் விரல் நுனிகள் வெடித்திருக்கும். வெடித்த விரலில் ஊசியைப் பிடித்து நுண்ணிய தையல் தைப்பது அரிது. ஆதலின் அவ்விரு நாள்களிலும் பித்தான் துளை முதலிய கைவேலைகளை அவர் ஏற்பதில்லை என்பதை நெடுங்காலம் கழித்தே அறிந்தேன். வாரத்தில் இரண்டு நாள் வருவாயில் ஒரு பகுதியை அவர் கோட்டில் கொட்டினார் என்பதே இதன் பொருள்.

கோடு மட்டுமன்று. ஆட்டக்காரர் சட்டைகளில் எண்களைத் தைப்பதும், கிழிந்த வலையை முடிவதும், பந்தின் தையல் விட்டால் மெழுகு நூலால் தைப்பதும், தொடர் போட்டிக் காலங்களில் இரவுப் பேருந்தில் வந்திறங்கும் அணிகளைப் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கவைப்பதும் அவரே. இவற்றை விரித்தால் மலர் கொள்ளாது.

நிற்க. அவர் ஒருமுறை வாராதிருந்தார். 1987ஆம் ஆண்டுத் தொடர் போட்டியின் அரையிறுதி நாள் அது. வேறு எவரோ காலால் அடி வைத்து அளந்து கோடு போட்டனர். ஒரு பக்கத்துப் பெனால்டிப் பரப்பு இரண்டு கஜம் குறைந்துவிட்டது. வினை அங்கேதான் முளைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் கையால் பந்தைத் தொட்டார். தொட்ட இடம் பரப்பின் உள்ளா வெளியா என்று வாதம் எழுந்தது. கோட்டின்படி வெளி, அளவின்படி உள். நடுவர் கோட்டைப் பார்ப்பாரா, கயிற்றைத் தேடுவாரா? அரைமணி நேரம் கூச்சல், ஆட்டம் நின்றது. அன்றிரவு நாங்கள் நால்வர் காக்காவின் வீட்டுக்குச் சென்றோம். நலம் விசாரிக்க அன்று. ஏன் வரவில்லை என்று கேட்க. மஞ்சட்காமாலையில் பாயில் கிடந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து அமர முயன்று, "ஆள் சொல்லி அனுப்பியிருக்கணும், என் தப்புதான் தம்பி" என்றார். ஊதியம் பெறாத ஒருவர், வேலைக்கு வாராமைக்காக நோய்ப்பாயிலிருந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாங்களும் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு வந்தோம்!

இனி, மலருக்கு வருவோம். தொண்ணூற்றாறு பக்கங்கள். வாழ்த்துரைகள், வள்ளல்களின் ஒளிப்படங்கள், 1944 முதல் கழகத்துக்கு ஆடியவர்களின் பட்டியல், செயலாளர்களின் பட்டியல், பொருளாளர்களின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. இறுதிப் பக்கத்தில் நன்றியுரை. விளம்பரம் தந்த கடைகள், ஒலிபெருக்கி அமைத்தவர், பந்தல் போட்டவர், அச்சிட்டவர் எனப் பெயர் பெயராக அடுக்கிவந்தேன். பக்கம் முடியும் தறுவாய். மேலும் இரண்டு வரிக்கே இடம். 'மற்றும் பலர்க்கும் எங்கள் உளமார்ந்த நன்றி' என்று எழுதி முடித்தேன். கைதேர்ந்த முடிப்பு என்று எண்ணிக்கொண்டதாகவும் நினைவு. காக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் ஆடியவர் அல்லர், செயலாளரும் அல்லர், நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு ஓர் அடிக்கட்டையும் இல்லை. அம்மலர்களை அச்சகத்திலிருந்து கட்டித் தூக்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தவர் அவர்தாம்.

அவர் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை. ஆதலின் யானும் ஒன்பது ஆண்டுகள் அதனை உணர்ந்தேனில்லை. 2003ஆம் ஆண்டில் தம்பியைக் கல்லூரியில் சேர்க்கும்பொருட்டு அவருடைய மகள் என்னைக் காண வந்தார். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கையில், "சார், நீங்க போட்ட மலரை வாப்பாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். அப்ப நான் ஏழாம் வகுப்பு" என்றார். தந்தைக்கு எழுத்து அவ்வளவாக வாராது. பட்டியல் அனைத்தையும் படிக்கச் சொன்னாராம். ஒவ்வொரு பெயருக்கும், இவர் எந்த இடத்தில் ஆடினார், இவர் கொடுத்த பந்து எத்தனை நாள் உழைத்தது என்று சொல்லிச் சிரித்தாராம். இறுதியில் இவர், "உங்க பேரு இல்லையே வாப்பா" என்றிருக்கிறார். 'மற்றும் பலர்' என்று படித்த வரியை மீண்டும் படிக்கச் சொல்லிவிட்டு அவர் கூறியது இது: "அதுலே நான் இருக்கேன்லே."

அம்மகள் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தந்தையின் வேடிக்கைப் பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று மாலை வகுப்பு இருந்தது. புறத்திணையில் நடுகல் பற்றிய பாடம். வீரனுக்குக் கல் தேடுவது முதல் வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் ஆறு நிலைகளை வகுக்கிறார். முதல் நிலையின் பெயர் காட்சி. உரையாசிரியர்கள் அதனைக் கல்லைக் காண்டல் என்பர். ஆளைக் காணாதவன் கல்லைக் கண்டு என்ன பயன் என்று அன்று வகுப்பின் நடுவே எனக்குத் தோன்றியது. மாணவர்க்கு அது விளங்கியிராது.

நடுகல் என்றதும் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் நினைவுக்கு வருகிறது. அங்கே கோழிக்கு ஒரு நடுகல் உண்டு. மேற்சேரிக்காகப் போரிட்ட சேவல் அது. இந்தளூரிலும் அத்தகைய கல் ஒன்று உள்ளது. அது கீழ்ச்சேரிக் கோழிக்கு உரியது. அதன் பெயர் பொற்கொற்றி என்றும் வெட்டியிருக்கின்றனர். சேரிக்குச் சேரி போட்டியிட்டதும், வென்ற பெருமையைக் கல்லில் வடித்ததும் தமிழர்க்குப் பழைய வழக்கம் என்று மேடைகளில் பெருமையோடு கூறுவேன். விளையாட்டுக் கழகத்தின் தொல்வடிவம் என்றுகூட ஒருமுறை கூறியதுண்டு. சேவல் பெயர் பெற்றது, நன்று. அதற்குத் தவிடு பிசைந்து, கால் பிடித்து, மழை இரவில் கூடையால் மூடியவன் ஒருவன் இருந்திருப்பானே, அவன் எங்கே? 'மற்றும் பலர்' என்னும் தொடர் கல்வெட்டுக் காலத்திலேயே, எழுதப்படாமல், இருந்திருக்கிறது.

இது மாற்ற இயலாதது அன்று. 2000ஆம் ஆண்டில் சிட்னி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அவற்றுக்கும் அவற்றைத் தொடர்ந்த மாற்றுத்திறனாளர் போட்டிகளுக்கும் ஊதியமின்றி உழைத்த தொண்டர்களின் பெயர்களைப் பொறித்து, அரங்கின் வெளியே கம்பங்கள் பலவற்றை நட்டு வைத்திருக்கின்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்! பதிப்பாசிரியன் என்ற முறையில் அதனை எண்ணிப் பார்க்கிறேன். இடம் போதவில்லை என்று ஒரு கம்பத்தோடு நிறுத்தியிருந்தால் எவரும் வழக்குத் தொடுத்திருக்கமாட்டார். நம் நாட்டில் 1961 முதல் ஆடுவோர்க்கு அருச்சுனா விருது உண்டு. 1985 முதல் பயிற்றுநர்க்குத் துரோணாச்சாரியார் விருது உண்டு. அக்களத்தைப் பெருக்கியவர்க்கு வியாசரும் பெயரிடவில்லை போலும்.

2004ஆம் ஆண்டு கழகத்தின் வைரவிழா வந்தது. காக்காவுக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பிக்க வேண்டுமென்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். எதிர்ப்பார் எவருமில்லை. அழைப்பிதழில் பெயரை எழுதும்போது செயலாளர் எழுதுகோலை நிறுத்தி, "காக்காவின் பெயர் என்ன?" என்றார். பதினோரு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முப்பத்தாறு ஆண்டுகள்! அழைப்பிதழில் 'கோட்டுக் காக்கா' என்றே அச்சாயிற்று.

விழா இரவில் அப்பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது கூட்டம் அன்போடுதான் சிரித்தது. ஆயினும் அவர் மேடைக்கு வரவில்லை. தேடிச் சென்றோம். மறுநாள் இறுதியாட்டத்துக்காக, மேடை விளக்கின் மங்கிய ஒளியில், வலையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். பொன்னாடையை அங்கேயே போர்த்தினோம். வலையை விட்டால் சரிந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே அதனை ஏற்றார். சில நாள்கள் கழித்து அவருடைய கடைக்குச் சென்றேன். பொன்னாடை தையல் இயந்திரத்தின் மேல் உறையாகக் கிடந்தது. நான் அதனைப் பார்ப்பதைக் கண்டு அவர் சற்றே கூச்சமுற்றார். "நல்ல துணி தம்பி. தூசி அண்டாது. ஆனா இதுக்குக் கொடுத்த காசுலே ரெண்டு வாரத்துக் கோடு போட்டிருக்கலாம்" என்றார்.

அச்சொல் என்னை உறுத்தியது. சுண்ணாம்புக்குக் காசு யார் தருகிறார்? கழகத்தின் கணக்கேடுகளை வாங்கிப் பார்த்தேன். 1971 முதல் உள்ளவை கிடைத்தன. பந்து வாங்கிய வகை, தேநீர் வகை, மாலை வகை, நடுவர் படி, தந்திச் செலவு எல்லாம் இருந்தன. ஆண்டுதோறும் தணிக்கை செய்து, சரி என்று கையொப்பமிட்டிருந்தனர். அவற்றுள் நான்கு ஆண்டுகளின் கையொப்பம் என்னுடையது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் 'சுண்ணாம்பு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பெயரை விட்டது பெரும்பிழை என்று அதுகாறும் எண்ணியிருந்தேன். கணக்கேட்டை மூடியபோது அவ்வாறு தோன்றவில்லை. மலரைத் தொகுத்தவன் பெயரை விட்டான் என்றால் மறதி என்று கூறலாம். களத்தில் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, அது எங்கிருந்து வருகிறது என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒருவரும் வினவாதிருந்ததை எவ்வாறு கூறுவது? பொன்னாடையைக் கடனுக்கு ஈடாகப் போர்த்திவிட்டோம். பாராட்டு விழாக்கள் வேண்டா என்பது என் கருத்தன்று; கைதட்டல் எவர்க்கும் இனியதே. ஆனால், ஒருவரைப் போற்றுமுன் அவர் தம் கைப்பொருளைச் செலவிடுகிறாரா, அவர்க்கு மாற்று ஆள் உண்டா, அவர் விரல் எப்படி இருக்கிறது என்பவற்றைப் பார்த்திருக்க வேண்டும். மாலை வகைக்கு நாங்கள் செலவிட்டதைக் கூட்டிப் பார்த்தேன்; அத்தொகையை ஈண்டு எழுத வெட்கமாக உள்ளது.

அடுத்த செயற்குழுவில் 'களம் அமைத்தல்' என்றொரு செலவினம் சேர்க்கப்பட்டது. பழைய ஆண்டுகளுக்குரிய தொகையைத் தர முன்வந்தோம். காக்கா கையை விரித்துவிட்டார். "அது நான் கொடுத்தது. திருப்பிக் கொடுத்தா கொடுத்ததா ஆகுமா?" என்றார். வேறு ஏதேனும் வேண்டுமா என்றதற்கு, "சனிக்கிழமை அஸருக்கு அப்புறம் கயிறு பிடிக்க ஒரு பையன்" என்றார். முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் கழகத்திடம் கேட்டது அஃதொன்றே.

பையன்களை ஏற்பாடு செய்தோம். இரண்டு வாரம் வந்தனர். மூன்றாம் வாரம் தேர்வு என்றனர். பிறகு நான் சென்றேன். என் கடமையுணர்ச்சியைப் புகழ்ந்துகொள்வதற்காக இதனை எழுதவில்லை; பல வாரங்கள் தவறவும் தவறியிருக்கிறேன். உறுப்பினர் பதிவேட்டில் அவருடைய பெயரை எழுதவேண்டி, குடும்ப அட்டையைக் கொண்டுவரச் செய்து, அதனைப் பார்த்துப் பெயரும் தந்தை பெயரும் எழுதினேன். பணி என்ற கட்டத்தில் 'களம் அமைப்பவர், 1968 முதல்' என்று குறித்தேன். அப்பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இக்கட்டுரையிலும் அப்பெயரை எழுத விரும்பிச் சென்ற வாரம் இசைவு கேட்டேன். "அங்கே எழுதிட்டீங்கல்ல தம்பி, போதும்" என்று மறுத்துவிட்டார்.

அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் அகவை. தகரத்தை எடுப்பதில்லை; களத்தின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். சுண்ணாம்பு போய் வெண்பொடி வந்துவிட்டது. கயிறும் நைலான் கயிறாகிவிட்டது. முடிச்சுகள் மட்டும் அவர் இட்டவை. சென்ற சனிக்கிழமை பையன் ஒருவன் தகரம் பிடிக்க, நான் பெனால்டிப் புள்ளியில் முளையை அழுத்திக்கொண்டு குந்தியிருந்தேன். என் முழங்கால்கள் இதற்கு இசைவதில்லை. வளைவு பாதி வந்திருக்கும். நாற்காலியிலிருந்து குரல் எழுந்தது.

"கயிறு தொய்யுது தம்பி. இழுத்துப் பிடிங்க. பிறை கோணிப் போவும்."

இழுத்துப் பிடித்தேன்.